நாலாம் மாடிக்குத் தானாகப் போன லிஃப்ட்

தம்பி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்த ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தப் புகார் வந்தது. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து தொடங்கிய லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி, நாற்பத்து மூன்று கட்டடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் ஒன்று எட்டு மாடிக் குடியிருப்பு. அதற்கு ஒரே லிஃப்ட். அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர்தான் போனில் பேசினார்.

முதலில் சுற்றி வளைத்தார். லிஃப்ட் நன்றாக ஓடுகிறது, சத்தம் இல்லை, குலுக்கல் இல்லை என்று சொல்லிவிட்டு மெல்ல விஷயத்துக்கு வந்தார். தினமும் காலை ஏழே முக்காலுக்கு, யாரும் கூப்பிடாமலே லிஃப்ட் நாலாவது மாடிக்குப் போகிறதாம். கதவு திறக்கிறதாம். நடக்க முடியாத ஒருவர் மெதுவாக வந்து ஏறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் திறந்தே நிற்கிறதாம். பிறகு மூடிக்கொண்டு நேராகக் கீழ்த்தளத்துக்கு வந்து, அங்கேயும் அதே மாதிரி திறந்து நிற்கிறதாம். உள்ளே பார்த்தால் ஈ காக்காய் இல்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு இதே கூத்து தலைகீழாக நடக்கிறதாம்: கீழே வந்து நிற்பது, காத்திருப்பது, நாலாம் மாடிக்குப் போய்த் திறப்பது.

"யாரையோ ஏத்தி இறக்குற மாதிரியே இருக்கு சார்," என்றார் செயலாளர். "என் வீட்டுக்காரி ரெண்டு வாரமா மாடிப்படியிலதான் போறா. நாங்க ஏழாவது மாடி."

பெரியவர் உடனே மூத்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு விசாரித்தார். கம்பெனியில் அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும்தான் எல்லாரும் சொல்வார்கள். மெக்கானிக் கழுத்தைச் சொறிந்தார். இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டுக் கோளாறு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். மொட்டை மாடி மெஷின் ரூமில் பேனலைத் திறந்து பார்த்தாயா என்று கேட்டார் பெரியவர். இரண்டு முறை அதட்டிய பிறகுதான் உண்மை வெளியே வந்தது. அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் எல்லாரிடமும் ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சின்னவர் போன பிறகுதான் லிஃப்ட் இப்படிச் செய்கிறதாம். செத்தும் மனசு கேட்காமல் அவர்தான் வந்து வேலை பார்க்கிறாராம்.

"அந்த மெஷின் ரூமுக்குள்ள தனியா போக எனக்குத் தைரியம் இல்லைங்க. மன்னிச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு மெக்கானிக் வெளியே போய்விட்டார்.

பெரியவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். பேய் பிசாசில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் மூன்று மாதமாக அவர் நிம்மதியாகத் தூங்கியதும் கிடையாது.

இருபது வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு கருவிப் பையோடு தொடங்கிய தொழில் அது. ஆரம்பத்தில் இருவருமே கை அழுக்காக வேலை பார்த்தவர்கள். கட்டடங்கள் கூடக் கூடப் பெரியவர் வெளியே போய்ப் பேசினார், சின்னவர் உள்ளே இருந்து செய்தார். பெரியவருக்குப் பேச்சு வந்தது; பேச்சுக்குக் கைதட்டல் வந்தது; கைதட்டல் வந்த பிறகு அது இல்லாமல் இருக்க முடியாமல் போயிற்று. தொழில்முனைவோர் சங்கம், வட்டார வர்த்தக சபை என்று எங்கே மேடை போட்டாலும் ஏறினார். வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'மேடை' என்று பேர் வைத்திருந்தது அவருக்கே தெரியும். உள்ளூர அதில் கொஞ்சம் சந்தோஷம் கூட இருந்தது.

கடைசியாக ஏறிய மேடைதான் அவரை வதைத்தது. கரண்ட் போனால் லிஃப்ட்டை அடுத்த மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்துவிடுகிற சிறிய கருவி ஒன்றைக் கம்பெனி செய்திருந்தது. யோசித்ததும் சின்னவர், எட்டு மாதம் மாடி மாடியாக அலைந்து செய்து பார்த்ததும் சின்னவர். அந்தக் கருவிக்காக அந்த வருடத்தின் சிறந்த தொழிலதிபர் விருது பெரியவருக்குக் கிடைத்தது. மைக்கைப் பிடித்தவர், "இந்த யோசனை ஒரு நாள் குளிச்சுக்கிட்டு இருக்கும்போது எனக்கு வந்தது," என்று சொல்லிவிட்டார். எப்படி வாயில் வந்ததென்று அவருக்கே தெரியவில்லை. அரங்கம் சிரித்தது, கைதட்டியது. அந்த நேரம் அவருடைய சட்டைப் பையில் போன் சத்தமில்லாமல் துடித்துக்கொண்டே இருந்தது. கீழே இறங்கி எடுத்துப் பார்த்தபோது தம்பி மனைவியிடமிருந்து பதினொரு அழைப்புகள். மூச்சு முட்டுகிறது என்று தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இவர் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

விழாவை யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள். அதில் ஓரத்தில் நேரம் ஓடும். தான் அந்த வார்த்தையைச் சொன்ன நிமிடத்தையும் தம்பியின் உயிர் பிரிந்ததாக டாக்டர் எழுதிய நிமிடத்தையும் ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடி பார்க்கவில்லை. பார்க்காமலே இரண்டு எண்களும் மனப்பாடமாகிவிட்டன.

மறுநாள் காலை ஏழரைக்கு அவரே அந்தக் கட்டடத்துக்குப் போனார். வாட்ச்மேன் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார், ஆனால் லிஃப்ட் வரைக்கும் கூட வரவில்லை. பெரியவர் லிஃப்ட்டுக்குள் போய் எந்தப் பொத்தானையும் தொடாமல் நின்றார். சரியாக ஏழே முக்காலுக்குக் கதவு மூடியது. மேலே போயிற்று. நாலாம் மாடியில் திறந்தது. நீளமான, சுத்தமான, காலியான நடைவழி. கடைசியில் ஒரு சின்ன ஜன்னல். அதிலிருந்து தரையில் விழுந்த வெளிச்சம். யாரும் வரவில்லை. கதவு மட்டும் மரியாதையாகக் காத்திருந்தது. பெரியவர் தன்னையறியாமல் ஒரு ஓரமாக நகர்ந்து, வருகிறவருக்கு இடம் விட்டார்.  கதவு மூடி, லிஃப்ட் கீழே இறங்கும் வரைக்கும், பக்கத்தில் விட்ட அந்த இடத்தை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு மொட்டை மாடியில் இருந்த மெஷின் ரூமுக்கு ஏறினார். பன்னிரண்டு வருடமாகத் திருப்புளி பிடிக்காத கை. பேனல் கதவைத் திறந்ததும் விஷயம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. கம்பெனியின் வரைபடத்தில் எங்கேயும் இல்லாத ஒரு சின்ன டைமர், மூலையில், அழகாக ஒயர் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே வெள்ளை டேப் ஒட்டி, அதில் பேனாவால் ஒரே ஒரு வார்த்தை: 'எடுக்காதே.'

தம்பியின் கையெழுத்து. 'கா'வின் காலைக் கீழே வரைக்கும் இழுத்து விடுகிற வழக்கம் சின்ன வயதிலிருந்தே அவனுக்கு உண்டு.

பேய் இல்லை, டைமர்தான் என்று தெரிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எதற்காக வைத்தான் என்று தெரியாதது இன்னும் பெரிய பாரமாக இருந்தது. ஆனால் கீழே செயலாளர் காத்திருந்தார். வாடிக்கையாளர் புகார் என்றால் புகார்தான். பெரியவர் ஒயரைக் கழற்றி, டைமரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். பழைய கருவி ஒன்று கோளாறு செய்தது, சரியாகிவிட்டது என்று சொன்னார். செயலாளருக்கு வாயெல்லாம் பல்.

டைமர் அவருடைய மேஜை மேல் கிடந்தது. போன் பேசும்போதும் அது கண்ணில் பட்டது, கையெழுத்துப் போடும்போதும் பட்டது. டேப்போடு வந்துவிட்ட அந்த வார்த்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. தம்பி உயிரோடு இருந்த காலத்தில் அண்ணனிடம் இதைச் செய்யாதே என்று ஒரு நாளும் சொன்னவன் இல்லை. மேடையில் பேர் சொல்லாமல் விட்டபோதும் சொல்லவில்லை. சொன்னது இது ஒன்றுதான். அதையும் கேட்கவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு அதை எடுத்துக்கொண்டு போனார். தம்பி மனைவி டைமரை வாங்கி, டேப்பை விரலால் தடவிப் பார்த்தாள். இதைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். வீட்டிலேயும் அவர் அப்படித்தான், மிக்ஸியைச் சரிசெய்து வைத்துவிட்டு வாயைத் திறக்க மாட்டார், இரண்டு நாள் கழித்து இவளாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்றாள். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எடுக்காதேன்னு எழுதியிருக்கே மாமா," என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. படித்துக் காட்டுகிற மாதிரிதான் சொன்னாள். பெரியவரால் அங்கே உட்கார முடியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு யாரிடமும் சொல்லாமல் மறுபடி அந்தக் கட்டடத்துக்குப் போனார். டைமரைத் திருப்பி மாட்டினார். நாலாம் மாடிக் கதவு சரியாகத் திறக்கிறதா என்று பார்ப்பதற்காக, லிஃப்ட் கூண்டின் மேலே ஏறி நின்று, அதைக் கையால் இயக்கி மெல்லக் கொண்டுவந்தார். ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. இப்போது சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. சுற்றிலும் இருட்டு, எண்ணெய் வாடை, தலைக்கு மேல் கம்பி வடங்கள். எதிரே மூடிய கதவு.

அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ மெல்லிய மோட்டார் சத்தம் கேட்டது. நடையின் கோடியிலிருந்து வந்து, கதவுக்கு நேரே நின்றது. பிறகு அமைதி. யாரோ மூச்சு விடுவது கேட்டது.

 "யாரு அங்க?" என்றார் பெரியவர்.

 ஒரு பெண்ணின் குரல், சிரிப்பும் நிம்மதியும் கலந்து வந்தது. "அப்பாடா. வந்துட்டீங்களா? உங்களுக்கு என்ன ஆச்சோன்னு நினைச்சேன்."

அண்ணனுக்கும் தம்பிக்கும் முகம் வேறு, உடம்பு வேறு. குரல் மட்டும் ஒன்று. போனில் பெற்ற தாயே மாற்றிப் பேசுவாள்.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அந்தப் பெண் பேசிக்கொண்டே போனாள். நெஞ்சில் சளி கட்டி இரண்டரை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும், அக்கா கூடவே இருந்ததையும், வெள்ளிக்கிழமைதான் வீடு திரும்பியதையும் சொன்னாள். நேற்று வேலைக்குக் கிளம்பி வந்து நின்றபோது லிஃப்ட் வரவில்லை. ஏழே முக்காலிலிருந்து எட்டரை வரைக்கும் இங்கேயே நின்றாள். யாரும் இந்தப் பக்கம் வரவில்லை. கீழே காத்திருந்த வண்டி போய்விட்டது. "நீங்க சொன்ன நேரத்துக்குத்தான் வந்தேன். நேரத்தை மாத்திட்டீங்களோன்னு நினைச்சேன்," என்றாள். அப்புறம் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "அன்னைக்கு நன்றி சொல்ல விடாமப் போயிட்டீங்க. இன்னைக்காவது சொல்றேன். ரொம்ப நன்றிங்க. ஒரு வருஷம் நான் வேலைக்குப் போனது உங்களாலதான்."

"பரவாயில்லம்மா," என்றது பெரியவரின் வாய்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. மைக் இல்லை, மாலை இல்லை, இருட்டில் கதவுக்குப் பின்னால் நிற்கிறார். அப்போதும் தம்பிக்கு வந்ததை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாயிற்று. கூண்டின் மேலே தன்னோடு இன்னொருவன் நிற்பது போல இருந்தது. கோபமாக நிற்கவில்லை, எப்போதும் போலச் சும்மா, கையில் திருப்புளியோடு நிற்கிறான். 

கதவைத் திறப்பதற்குள் ஓர் ஆயுசு போய்விட்டது அவருக்கு. திறந்து, மேலேயிருந்து குனிந்து பார்த்தார். மோட்டார் வைத்த சக்கர நாற்காலியில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் நாற்காலியின் கைப்பிடி மேல் அசையாமல் கிடந்தன. வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் ஒரு சின்னக் குமிழைப் பிடித்திருந்தன.

"நான் அவன் இல்லம்மா," என்றார் பெரியவர். "நான் அவனோட அண்ணன். அவன் இறந்து மூணு மாசமாச்சு. உங்க லிஃப்ட்டை நிறுத்தினது நான்தான். ஒண்ணும் தெரியாம எடுத்துட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தார், அழவில்லை. தம்பியின் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டாள்.

அப்போதுதான் முழுக் கதையும் தெரிந்தது. தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கிற நோய் அவளுக்கு. கையைத் தூக்கிப் பொத்தானை அமுக்க முடியாது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் விசாரணைப் பிரிவில், காதில் மாட்டிய கருவி வழியாகப் பேசுகிற வேலை. அக்கா இவளைத் தயார்செய்து உட்கார வைத்துவிட்டு ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விடுவாள். யாராவது வந்து பொத்தானை அமுக்கும் வரைக்கும் இவள் நடையில் காத்திருப்பாள். ஒரு நாள் அப்படி நிற்கும்போது, கதவுக்குப் பின்னாலிருந்து யார் அங்கே என்று ஒரு குரல் கேட்டது. லிஃப்ட்டுக்கு எண்ணெய் போட வந்த ஆள். கதவைத் திறக்காமலே பேசினார்கள். எத்தனை மணிக்குப் போக வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், நாற்காலி உள்ளே வர எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் அதே குரல் வந்து, நாளையிலிருந்து ஏழே முக்காலுக்கு வந்து நில்லுங்கள், லிஃப்ட் வரும், அதுவே கீழே கொண்டுபோய் விடும் என்றது. அவ்வளவுதான். அவள் முகத்தை ஒரு நாளும் அவர் பார்க்கவில்லை, அவர் முகத்தை இவளும் பார்க்கவில்லை.

இவள் தினமும் அதில் ஏறி இறங்கிய வரைக்கும் கட்டடத்தில் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. இவள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் லிஃப்ட் ஆளில்லாமல் வந்து நின்று ஊரைப் பயமுறுத்தியது.

"பேர் கேட்டேன்," என்றாள். "கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுறேன்னு சொன்னேன். அவர் சிரிச்சார். அதெல்லாம் வேண்டாம்மா, தெரிஞ்சா எங்கண்ணன் உங்களையும் மேடையில ஏத்திடுவார்னு சொன்னார்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு நினைவு வந்தது போலிருக்கிறது, சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பெரியவர் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தம்பி அந்த வார்த்தையைக் கசப்போடு சொல்லியிருக்க மாட்டான் என்று அவருக்குத் தெரியும். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அன்றைக்கு அவரே தன் காரில் அவளைக் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். நாற்காலி காருக்குள் நுழையாது என்று அவள் சொன்னாள். வேலை செய்கிற இடத்துக்குப் போன் போட்டு வேறு வண்டி வரவழைத்தார்கள்.

செயலாளரிடம் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னதும் அவர் கண் கலங்கிவிட்டார். அவர் வழியாகத் தொழில்முனைவோர் சங்கத் தலைவர் காதுக்கும் போயிற்று. இரண்டு நாளில் தலைவர் பெரியவரின் அறைக்கே வந்து உட்கார்ந்துகொண்டார். வருடாந்திர விழாவில் தம்பி பேரில் ஒரு விருது, அந்தப் பெண்ணை மேடைக்கு அழைத்து ஒரு பாராட்டு, பெரியவர் பேச வேண்டியது பத்து நிமிடம். அரங்கத்தில் கண் கலங்காத ஆளே இருக்க மாட்டார்கள் என்றார் தலைவர்.

பெரியவருக்கு ஆசை வந்தது. பொய் சொல்வானேன். இந்தத் தடவை தனக்காக இல்லை, தம்பிக்காக, செய்த தப்பை எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்வதற்காக என்று மனதுக்குள் நியாயமும் தயாராகிவிட்டது. காகிதம் எடுத்துப் பேச்சை எழுதினார். படித்துப் பார்த்தார். என் தம்பி, என் கண்ணீர், என் குற்றம் என்று வரிக்கு வரி 'என்' நின்றது. தம்பி அதில் எங்கேயோ ஓரத்தில் இருந்தான்.

இருந்தாலும் அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டார். அவள் உடனே மறுக்கவில்லை. யோசித்துத்தான் சொன்னாள்.

"பேசுங்க, உங்க இஷ்டம். ஆனா அதுக்கப்புறம் நான் லிஃப்ட்டுக்கு வந்து நிக்கும்போது எல்லாரும் பாப்பாங்க. பாவம் இவளுக்காகத்தான் வருதுன்னு. இப்ப யாரும் பாக்கிறதில்ல. லிஃப்ட் வருது, போறேன். எல்லாரையும் மாதிரி. அவர் எனக்குக் கொடுத்தது அதுதான்."

பெரியவர் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டார். தலைவருக்குப் போன் செய்து, விழாவுக்கு வர இயலாது என்றார். செயலாளரையும் போய்ப் பார்த்து, இதை இத்தோடு விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். செயலாளர் தலையாட்டினார், எவ்வளவு நாள் வாயைக் கட்டினாரோ தெரியாது.

ஒன்று இருந்தால் இன்னும் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த ஐந்து மாதம், மற்ற நாற்பத்து இரண்டு கட்டடத்து மெஷின் ரூமுக்கும் அவரே ஏறினார். மூத்த மெக்கானிக்கும் மனசு மாறிக் கூட வந்தார். அப்படித் தேடியதில் இன்னும் ஆறு டேப்புகள் கிடைத்தன. ஒரு கட்டடத்தில் இரண்டாம் மாடி மணிச் சத்தம் மட்டும் குறைக்கப்பட்டிருந்தது. அங்கே இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற நர்ஸ் ஒருத்தி இருந்தாள். இன்னொன்றில் ஒரு மாடியில் கதவு மற்ற மாடிகளைவிட மெதுவாக மூடியது. ஊன்றுகோலோடு நடக்கிற தபால்காரர் ஒருவர் அந்த மாடிக்காரர். அவர்கள் யாருக்கும் தங்களுக்காக ஏதோ செய்யப்பட்டிருக்கிறது என்பதே தெரியவில்லை. பெரியவரும் சொல்லவில்லை. லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கினார். எல்லாரும் நன்றாக ஓடுகிறது என்றார்கள். முன்னெல்லாம் அந்தப் பதில் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. இப்போது அதைக் கேட்டுவிட்டுப் படியிறங்கும்போது, அன்றைய வேலை முடிந்தது போல இருந்தது.

ஆறாவது டேப்புக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. ஊரின் மறுகோடியில் ஒரு பழைய அலுவலகக் கட்டடம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு லிஃப்ட் ஆறாம் மாடிக்குப் போய், திறந்து, வெகு நேரம் நிற்கிறது. அந்த மாடி காலியாகி வருடக்கணக்காகிறது. எல்லா அறையும் பூட்டு. யார் இருந்தார்கள், எங்கே போனார்கள் என்று கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. தம்பி மனைவிக்கும் தெரியவில்லை. மெக்கானிக், இதையாவது எடுத்துவிடலாமே, வீணாகத்தானே ஓடுகிறது என்றார்.

"இருக்கட்டும்," என்றார் பெரியவர்.

மாதம் ஒரு தடவை அந்தக் கட்டடத்துக்கு அவரேதான் போகிறார். மெக்கானிக்கை அனுப்புவதில்லை. வேலையாட்கள் இன்னமும் அவரை 'மேடை' என்றுதான் சொல்கிறார்கள், அது மாறவில்லை. பன்னிரண்டு மணிக்கு லிஃப்ட் ஆறாம் மாடியில் திறக்கும்போது அவர் வெளியே வந்து ஒதுங்கி நிற்பார். பூட்டிய கதவுகள், தூசி, எங்கோ ஒரு ஜன்னல் காற்றில் முட்டிக்கொள்ளும் சத்தம். சில நாள் யாரோ வருகிற மாதிரியே இருக்கும், வர மாட்டார்கள். காத்திருக்கிற நேரத்தில் குனிந்து, கதவு ஓடுகிற தடத்தில் படிந்திருக்கும் மண்ணைத் துணியால் துடைத்து எடுப்பார். மண் சேர்ந்தால் கதவு சிக்கும். முழங்கால் வலிக்கும், பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். பிறகு அடுத்த கட்டடத்துக்குப் போவார்.